தரைத் தளத்துக்குக் குடிவந்திருக்கேன், புயல் வருதாம். என்னங்க செய்யணும்?

கோவைத்தம்பி:

வணக்கம்ங்க. வேலை மாத்தலாகி ஜூன்லதான் கோயம்புத்தூர்ல இருந்து வந்தோம். பள்ளிக்கரணைப் பக்கம், தரைத் தளம், ரெண்டு பெட்ரூம். வாடகை அக்கம்பக்கத்தைவிட நாலாயிரம் கம்மி. ஏன் கம்மின்னு அப்போ கேக்கத் தோணலை.

இப்போ டிவியைப் போட்டா தாழ்வுப் பகுதிங்கறாங்க, தாழ்வு மண்டலம்ங்கறாங்க, ஆழ்ந்த தாழ்வு மண்டலம்ங்கறாங்க. வாட்ஸப்ல இன்னும் மோசம். எங்க ஊர்ல மழைன்னா சிறுவாணி நிறைஞ்சுதான்னு பாப்போம், அவ்வளவுதான். வீட்டுல மனைவி ஏழு மாசம், அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு கார், ஒரு பைக். இதெல்லாம் எப்படி உருவாகுது, எப்போ பயப்படணும், எப்போ சும்மா இருக்கலாம்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

டீக்கடை பெஞ்சு:

ப்ரோ, ரிலாக்ஸ். 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னு சொல்லி ஊரே வேளச்சேரி மேம்பாலத்துல காரை வரிசையா ஏத்தி வச்சுது. அலர்ட் குடுத்த 16-ம் தேதி பெருசா ஒண்ணும் பெய்யலை. பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வித்தவன்தான் லாபம் பாத்தான். லீவு விட்டா தூங்குங்க.

மடிப்பாக்கம் டீச்சர்:

கோவைத்தம்பி, நான் 31 வருஷம் இயற்பியல் எடுத்தவள். மடிப்பாக்கத்தில் தரைத் தளத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். 2015, 2016, 2023 மூன்றையும் இதே வீட்டில் பார்த்தாச்சு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர்கள். எல்லாமே காற்று சுற்றுகிற வேகத்தை வைத்துச் சொல்வது. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே என்றால் தாழ்வுப் பகுதி. 49 வரை தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். 89-லிருந்து தீவிரப் புயல். பெயர்கள் 13 நாடுகள் முன்னமே கொடுத்து வைத்த பட்டியலிலிருந்து வரிசைப்படி வரும். வர்தா பாகிஸ்தான் கொடுத்தது, மிக்ஜாம் மியான்மர் கொடுத்தது. அமெரிக்காவில் ஹரிக்கேன் என்பதும் ஜப்பான் பக்கம் டைஃபூன் என்பதும் இதேதான், கடல்தான் வேறு.

இனி இது எப்படிப் பிறக்கிறது. இட்லிக் குண்டானை அவசரத்தில் திறந்து ஆவி கையில் அடித்திருக்கிறதா? கொதிநீர் பட்டதைவிட மோசமாகக் கொப்பளிக்கும். ஆவியாவதற்காக வாங்கிக்கொண்ட வெப்பத்தை, மறுபடி நீராகும்போது அது அப்படியே நம் தோலில் இறக்கிவிடுகிறது. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளுறை வெப்பம் புரிந்தது இந்த இட்லியில்தான். புயலும் அதே சமாசாரம். கடல்நீர் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நவம்பரில் வங்கக் கடல் 28 டிகிரியில் தாராளமாக இருக்கும். மேல்தோல் மட்டும் சூடாக இருந்தால் பற்றாது, ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்துக்காவது அந்தச் சூடு வேண்டும். இல்லாவிட்டால் காற்றே அடியில் இருக்கும் குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவந்து அடுப்பை அணைத்துவிடும்.

ஆவி மேலே போய் மேகமாகி வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்துக்கு நாலாபக்கமிருந்தும் காற்று பாய்கிறது, பாய்கிற காற்று இன்னும் ஆவியை அள்ளிக்கொண்டு வருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்றால் நேராக மையத்துக்குப் போக முடிவதில்லை. நம் பாதிக் கோளத்தில் வலப்பக்கம் விலகி, இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த விலக்கம் கிடையாது, அதனால் 5 டிகிரிக்குள் புயல் பிறப்பது அபூர்வம். சென்னை 13 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது.

டீக்கடை பெஞ்சு சொன்னதும் பொய்யில்லை. குண்டான் மூடி சரிந்தால் ஆவி பக்கவாட்டில் போய் இட்லி வேகாது. உயரத்தில் ஒரு திசை, கீழே வேறு திசை என்று காற்று இழுத்தால் புயலும் அப்படித்தான் குலையும். வறண்ட காற்று உள்ளே புகுந்தாலும் சாகும். 2016 டிசம்பர் 2-ம் தேதி நாடா என்ற புயல் அப்படித்தான் வலுவிழந்து காரைக்கால் அருகே கரையேறிற்று. எங்கள் தெருவில் எல்லாரும் சிரித்தோம். சரியாகப் பத்தாம் நாள் வர்தா வந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

இப்போது நான் சொல்லவந்த விஷயம். சென்னையில் காற்று ஒரு எதிரி, தண்ணீர் வேறு எதிரி. புயலின் தரமும் பெயரும் உங்களுக்குக் காற்றைப் பற்றி மட்டும்தான் சொல்லும். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

வர்தா காற்று. டிசம்பர் 12 மதியம் நகரத்தின் மேலேயே வந்து கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் குல்மொஹரும் பெருங்கொன்றையும் வேரோடு சாய்ந்தன. கேபிள் போட வேரை அறுத்து, மிச்சத்தைச் சிமென்டால் மூடிய மரங்கள் அவை. வீட்டுக்குள் ஒரு சொட்டு வெள்ளம் இல்லை, ஆனால் நாலு நாள் மின்சாரம் இல்லை. நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசில்லை, கார்டு இயந்திரம் ஓடவில்லை, பால்காரர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு பால் கொடுத்தார்.

மிக்ஜாம் தண்ணீர். அது கரையைக் கடந்தது இங்கிருந்து 300 கி.மீ.க்கு மேல் வடக்கே, ஆந்திராவின் பாபட்லாவில், 2023 டிசம்பர் 5-ம் தேதி. மூழ்கியது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும். முந்தைய இரண்டு நாளும் நம் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்துகொண்டே மழையை ஊற்றிவிட்டுப் போயிற்று. புயல் மெதுவாக நகர்கிறது என்று செய்தியில் கேட்டால் சந்தோஷப்படாதீர்கள், அதுதான் மோசம். ஃபெஞ்சலும் அப்படியே. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, அங்கேயே பல மணி நேரம் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. 2015-க்கு வந்தால், டிசம்பர் 1-ம் தேதி எங்கள் வீட்டுக்குள் மார்பளவு நின்ற தண்ணீருக்குப் பெயரே கிடையாது. அது புயலே இல்லை.

செ.மீ. கணக்கு யாருக்கும் மனதில் நிற்பதில்லை, அதனால் லாரியில் சொல்கிறேன். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,230 லிட்டர். 'அதி கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.யைத் தாண்டுவது. 20 என்றே வைத்தாலும் ஒரு கிரவுண்டுக்கு 44,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட நாலு. மே மாதம் ஒரு லாரிக்காக நாம் படுகிற பாடு தெரியுமில்லையா, அதில் நாலு, ஒவ்வொரு மனைக்கும், ஒரே நாளில். இதெல்லாம் எங்கே போகும்? உங்கள் பக்கம் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலில் சேர வேண்டும். புயல் நேரத்தில் கடலே மேலேறி நிற்கும், வாங்கிக்கொள்ளாது. சதுப்பு நிலமும் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மிச்சத்தின் மேல்தான் தம்பி, நீங்களும் நானும் குடியிருக்கிறோம்.

ஆகவே டிவியைப் பார்க்கும் முன்னால் வீட்டைப் பாருங்கள். 2023-ல் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், "முட்டிக்குக் கீழேதான்" என்பார். வெள்ளையடிக்கிறவர்கள் கை போகாத இடத்தில் பாருங்கள்: மீட்டர் பெட்டிக்குப் பின்னால், மோட்டார் அறைச் சுவர், படிக்கட்டுக்கு அடி. பழுப்பாக ஒரு கோடு இருக்கும். அதுதான் உங்கள் வானிலை அறிக்கை.

முன்னேற்பாட்டில் நான் பட்ட தவறுகளை மட்டும் சொல்கிறேன், மற்றதை எல்லாரும் சொல்வார்கள். 2015-ல் வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குளியலறைச் சாக்கடை ஓட்டை வழியாக வந்தது, கழிவறைக் கோப்பை வழியாக வந்தது. இப்போது பழைய துணியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி ஓட்டைகளை அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மணல் மூட்டை. 2023-ல் அதெல்லாம் சரியாகச் செய்து சம்ப் மூடியை மறந்துவிட்டேன். தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கிவிட்டது. அது தெரியாமல் மோட்டார் போட்டிருந்தால் மேல் தொட்டியும் போயிருக்கும். ஆகவே முன்னமே மேல் தொட்டியை நிரப்புங்கள், சம்ப் மூடியைச் சுற்றி ரப்பர் வைத்து அழுத்துங்கள், வெள்ளம் வடிந்தபின் சம்ப்பைக் கழுவாமல் மோட்டாரைத் தொடாதீர்கள். மேல் தொட்டி நிரம்பியிருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. வர்தாவில் எதிர் வீட்டுக் காலித் தொட்டி பறந்து போய் ஒரு ஆட்டோ மேல் விழுந்தது. நிறைந்த தொட்டி நகராது.

பீரோவின் அடித்தட்டில் பத்திரம் வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் மரக்கதவு, இரும்புக் கதவு எல்லாம் இறுகிக்கொண்டு திறக்காது. என் கல்யாண ஆல்பம் போனது அப்படித்தான். அவர் இருந்த போட்டோக்களில் பாதி அதில்தான் இருந்தன.

அம்மாவின் இன்சுலின்: பிரிக்காத மருந்தைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, ஈர மணல் பரப்பிய மண் சட்டிக்குள் வைத்து நிழலில் வையுங்கள். உபயோகத்தில் இருப்பது சாதாரண அறை வெப்பத்தில் சில வாரம் தாங்கும், அட்டையில் போட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான். படகு வரும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போதே, மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற வீடாகப் பார்த்து, அனுப்பிவிடுங்கள். பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்), ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரே உறையில்.

வலைக்காரன்:

டீச்சர் சொன்னதுல காத்துப் பத்தி ஒண்ணு நான் சேக்குறேன். நமக்கு காசிமேடு. வர்தா அன்னிக்குக் காலைல இருந்து வடக்கால வாடை பிச்சு வாங்குச்சு. மதியத்துக்கு மேல திடீர்னு காத்து நின்னுபோச்சு. வெளிச்சம்கூட வந்துச்சு. ஜனம் எல்லாம் முடிஞ்சுச்சுன்னு போனைத் தூக்கிட்டு வீதிக்கு வந்துட்டாங்க. எங்கப்பா கத்துறாரு, உள்ள வா, உள்ள வான்னு. புயலோட கண்ணு நம்ம தலைக்கு மேல நிக்குதுன்னு அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துல தெக்கால இருந்து அடிச்சுச்சு பாரு. வாடைக்குத் தோதா கட்டியிருந்த போட்டுங்க எல்லாம் கயிறு அத்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிச்சு. காலைல பாதி சாஞ்ச மரம்லாம் அப்பத்தான் விழுந்துச்சு. அதனால காத்து நின்னா கதவைத் தொறக்காதீங்க.

இன்னொண்ணு. புயல் கெழக்கே இருந்து வந்து பாண்டிச்சேரில ஏறுதுன்னா நமக்கு இல்லைன்னு நெனைக்காதீங்க. அது சுத்துற சுத்துல வடக்குப் பக்கம் இருக்குறவனுக்குத்தான் கடல்ல இருந்து கரைக்குக் கொண்டல் அடிக்கும், அலை ஏறும், மழையும் வரும். தெக்குப் பக்கம் இருக்குறவனுக்குக் கரைல இருந்து கடலுக்குக் காத்து. 2012-ல நீலம் மகாபலிபுரத்துல ஏறுச்சு, பிரதிபா காவேரி கப்பல் பெசன்ட் நகர்ல வந்து தட்டுச்சு. தப்பிக்க இறக்குன படகு கவுந்து ஆளுங்க செத்தாங்க.

துறைமுகத்துல கூண்டு ஏத்துறதைக் கேப்பீங்க இல்ல, 1, 2 எல்லாம் தூரத்துல இருக்குன்னு அர்த்தம். 8, 9, 10 பெரிய அபாயம். இடப்பக்கம் விட்டுப் போகுமா, வலப்பக்கமா, நேராவே வருமான்னு நம்பர்லயே இருக்கும். 11 ஏத்துனா தகவல் தொடர்பே போச்சுன்னு அர்த்தம். அதெல்லாம் கப்பலுக்குச் சொல்றது, தரைத் தளத்துக்கு இல்ல. ஆனா டிவில பெருசாக் கத்துவாங்க.

சி பிளாக் செயலாளர்:

பெருங்குடியில் 48 வீடுள்ள குடியிருப்புக்குச் செயலாளராக மாட்டிக்கொண்டவன் பேசுகிறேன். கார் பற்றி மட்டும். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறியிருந்தால், வடிந்த பிறகும் சாவியைப் போடாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும், ஸ்டார்ட் செய்கிற அந்த ஒரு நொடியில்தான் கனெக்டிங் ராடு வளையும். எங்கள் பேஸ்மென்ட்டில் 2023-ல் ஆறு கார் அப்படிப் போயிற்று, மற்ற கார்கள் கழுவிக் காயவைத்ததில் பிழைத்தன. சாதாரண இன்ஷூரன்ஸில் இந்த இன்ஜின் சேதம் பெரும்பாலும் வராது, 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாலிசியைப் பாருங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டோ வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

லிஃப்ட் இருக்கிற கட்டடம் என்றால் மேல் மாடியில் நிறுத்தி ஆஃப் செய்யச் சொல்லுங்கள். மழை வந்தால் லிஃப்ட் குழிதான் முதலில் நிறையும். கீழே இருக்கிற மீட்டர் போர்டைத் தண்ணீர் நெருங்குகிறது என்றால் மெயினை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே தொட்டுவிட்டது என்றால் ஈரக் காலோடு கிட்டேயே போகாதீர்கள், மின்னகம் 94987 94987-க்குப் போன் செய்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். மரம் விழுந்தது, தண்ணீர் நின்றது எல்லாவற்றுக்கும் மாநகராட்சி 1913. இரண்டையும் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், போன் செத்தால் எண்ணும் சேர்ந்து சாகும்.

டீக்கடை பெஞ்சு:

சரி சரி, ஒத்துக்குறேன். நாடாவையும் வர்தாவையும் மறந்துட்டேன். நான் மூணாவது மாடி, அதான் வாய்.

கோவைத்தம்பி:

எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சர், நீங்க சொன்னபடி மீட்டர் பெட்டிக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாத்தேன். கோடு இருக்குதுங்க. பக்கத்துல நின்னு பாத்தா என் இடுப்புக்கு மேல. வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். "முட்டிக்குக் கீழேதான் தம்பி"ன்னாரு. அப்படியே நீங்க எழுதின வார்த்தை.

பெரியம்மா வீடு அண்ணா நகர்ல, ரெண்டாவது மாடி. அம்மாவும் அவளும் நாளைக் காலைல கிளம்பறாங்க. பீரோல இருந்த எல்லாத்தையும் லாஃப்ட்ல ஏத்திட்டேன். மாவு அரைச்சு அவங்ககூடவே குடுத்து விடறேன், இங்க கரண்ட் போனா புளிச்சுப்போயிடும். காரை ஆபீஸ் பார்க்கிங்ல நாலாவது தளத்துல விட்டாச்சு. குளியலறை ஓட்டைக்கு மூணு மூட்டை மணல் கேட்டிருக்கேன், கடைக்காரர் ஏனுங்க வீடு கட்டறீங்களான்னு சிரிச்சாரு.

ஒண்ணுதான் பாக்கி. மெயின் சுவிட்ச் எங்கேன்னே தெரியலைங்க. மீட்டர் பெட்டில இல்லை.

மடிப்பாக்கம் டீச்சர்:

படிக்கட்டுக்கு அடியில் பாருங்கள். பழைய சைக்கிள், பெயின்ட் டப்பா ஏதாவது அடுக்கி மறைத்திருப்பார்கள். கோடு இடுப்புக்கு மேல் என்றால் நீங்களும் அண்ணா நகருக்கே கிளம்பிவிடுங்கள் தம்பி, காலி வீட்டுக்கு எதற்குக் காவல்? போகும்போது ஃபிரிட்ஜைக் காலி செய்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்து, பெரியம்மாவுக்கு என் இட்லிக் குண்டான் கதையைச் சொல்லுங்கள்.